இருமும் நாய்க்கு யார் பொறுப்பு?

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பம் நாயை ஒரு போர்டிங்கில் விட்டுச் செல்கிறது. நான்கு நாள் கழித்து வந்து அழைத்துக்கொள்கிறது. நாய் வாலாட்டுகிறது, தட்டைக் காலி செய்கிறது, குறையொன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு நள்ளிரவில் இருமல் தொடங்குகிறது. கழுத்தை முன்னே நீட்டி, முன்னங்கால்களை அகட்டி ஊன்றி, வாத்து கத்துவதுபோல் வறட்டுக் குரலில் நாலைந்து முறை இருமி, கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் வெள்ளை நுரையைக் கக்குகிறது. "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு டாக்டர்" என்று விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எலும்பெல்லாம் இல்லை, தொற்று. பக்கத்துக் கூண்டில் இருந்த நாயிடமிருந்து வந்திருக்கும். அந்த நாய்க்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இதற்குள் நம் வீட்டு நாய் தினமும் இருவேளை தெருவில் நடந்திருக்கிறது, லிஃப்ட்டில் ஏறி இறங்கியிருக்கிறது, விளக்குக் கம்பத்தடியில் நான்கு நாய்களோடு மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரித்திருக்கிறது.

நாய் என்றால் நம் பொதுப் பேச்சு கடியிலும் வெறிநோயிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த இரண்டும் மனித உயிர் சம்பந்தப்பட்டவை. முதலிடம் பெறுவது நியாயமே. ஆனால், நாய்களுக்குள் காற்றுவழியாகப் பரவும் நோய்கள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. வீட்டு நாய்க்கு வந்தால் அது அந்த வீட்டுக்காரர் பாடு. தெரு நாய்க்கு வந்தால் யார் பாடும் இல்லை. கிருமி இந்தப் பாகப்பிரிவினைக்குக் கட்டுப்படுவதில்லை. ஒரு தெருவில் உள்ள எல்லா நாய்களும் மூச்சுக்காற்றைப் பொறுத்தவரை ஒரே கூட்டம்தான். ஆகவே அதைத் தடுக்கும் பொறுப்பும் பங்கு போட்டுச் சுமக்க வேண்டிய ஒன்று.

இருமலை எப்படிப் படிப்பது?

'கென்னல் காஃப்' என்று மருத்துவர்கள் சொல்வது ஒரே நோயின் பெயரல்ல. போர்டெட்டெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃப்ளுவென்சா வைரஸ், அடினோவைரஸ் 2, மைக்கோபிளாஸ்மா, நாய்களுக்கே உரிய ஒரு கொரோனா வைரஸ் என்று பல கிருமிகள் தனியாகவோ கூட்டுச் சேர்ந்தோ உண்டாக்கும் நோய்த் தொகுப்பு அது. பெரும்பாலும் தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் இருமல் வெளிப்படும். கழுத்துப் பட்டையை லேசாக இழுத்தாலே இருமல் கிளம்பும். நல்ல உடல்நிலையில் இருக்கும் நாய் ஓரிரு வாரங்களில் தேறிவிடும். தேறிய பிறகும் சில நாய்கள் வாரக்கணக்கில் கிருமியை வெளிவிட்டுக்கொண்டிருக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி.

இருமுகிறது, ஆனால் சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால் அச்சப்பட ஒன்றுமில்லை. மருத்துவரிடம் போனில் சொல்லிவிட்டு, மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைத்தால் போதும். மூக்கிலும் கண்ணிலும் மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வடிந்தாலோ, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு கிடந்தாலோ, உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ அது வேறு கதை. நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 வரை இருக்கும் என்பதால் தொட்டுப் பார்த்துச் 'சுடுகிறது' என்று முடிவுகட்ட முடியாது, தெர்மாமீட்டர் வேண்டும். மூச்சை எண்ணுவது அதைவிட எளிது. நாய் அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் சரி. 40ஐத் தொட்டாலோ, வயிறு உள்வாங்கி மூச்சு இழுத்தாலோ, ஈறு வெளுத்தோ நீலம்பாரித்தோ தெரிந்தாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது. குட்டிகள், வயதான நாய்கள், பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு இனங்கள் ஆகியவற்றுக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். வயதான சிறிய நாய்களில் இதயக் கோளாறும் மூச்சுக்குழாய்ச் சுருக்கமும்கூட இருமலாகத்தான் வெளிப்படும். எல்லா இருமலும் தொற்றல்ல என்பதையும் மருத்துவரே பிரித்துச் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. முதலாவது, வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பது. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சில இருமல் சிரப்புகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. இரண்டாவது, எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிடுவது. தெரு நாயோ, தடுப்பூசி போட்ட விவரம் தெரியாத நாயோ தொண்டை அடைத்ததுபோல் தவித்தாலும், குரல் மாறினாலும், எச்சில் ஒழுகினாலும் அது வெறிநோயாகவும் இருக்கலாம். கை உள்ளே போன பிறகு தெரிந்து என்ன பயன்? வெறிநோய் அறிகுறி காட்டத் தொடங்கிய மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அப்படிப்பட்ட நாயைத் தொடாமல் தள்ளி நின்று, கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 எண்ணுக்கோ, சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கோ சொல்வதே முறை.

கொல்லும் நோய் எது?

கென்னல் காஃப் பெரும்பாலும் தொந்தரவு. டிஸ்டெம்பர் கொலைகாரன். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரிவதுதான் ஆபத்து. காய்ச்சல், மூக்குச்சளி, பீளை கட்டிய கண், இருமல் என்று ஆரம்பித்து, வாந்தியும் பேதியுமாகி, சில நாய்களில் பாதத்தின் அடியும் மூக்கும் தடித்துக் காய்ந்துபோகும். சில வாரம் கழித்துத் தேறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் நரம்பைத் தாக்கும். தாடை தானாக மென்றுகொண்டே இருக்கும், ஒரு கால் மட்டும் தூக்கத்திலும் வெட்டி வெட்டி இழுக்கும், பிறகு வலிப்பு. மனிதர்களின் தட்டம்மைக் கிருமிக்கு நெருங்கிய உறவு இது. மாடுகளை ஒருகாலத்தில் கூட்டம் கூட்டமாக அழித்த வெக்கை நோய்க் கிருமிக்கும் சொந்தம். கிருமியைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பகுதி பிழைப்பதில்லை. பிழைத்தவற்றில் பல வாழ்நாள் முழுக்க அந்த இழுப்போடு வாழ்கின்றன. தெருவில் தாடை ஆட, நுரை தள்ள, தள்ளாடி வரும் இப்படிப்பட்ட நாயைப் பார்த்து 'வெறிநாய்' என்று கல்லெறிந்து கொல்வதும் நடக்கிறது. வெளித்தோற்றத்தை வைத்து இரண்டையும் பிரிக்க நம்மால் முடியாது. ஆகவே கிட்டே போகவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம், தகவல் சொல்வது மட்டுமே நம் வேலை.

இது நாய்களோடு நிற்கும் நோயும் அல்ல. 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் டிஸ்டெம்பர் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. காட்டைச் சுற்றியிருந்த கிராமத்து நாய்களிடமிருந்தே அது வந்ததாக ஆய்வாளர்கள் கருதினார்கள். பிறகு அந்த நாய்களுக்குத் தடுப்பூசி போடும் திட்டமே தொடங்கியது. 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில் ஒரே சரகத்தில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. சிலவற்றில் டிஸ்டெம்பர் கிருமி உறுதியானது. உலகில் ஆசியச் சிங்கம் இயற்கையாக வாழும் ஒரே வட்டாரம் அது. வெளிநாட்டிலிருந்து அவசரமாகத் தடுப்பூசி வரவழைக்க வேண்டியதாயிற்று. சத்தியமங்கலத்திலும் முதுமலையிலும் ஆனைமலையிலும் காட்டை ஒட்டி ஊர்கள் இருக்கின்றன, ஊர் நிறைய நாய்கள் இருக்கின்றன. கிர் நமக்குத் தொலைவில் நடந்த கதை என்று இருந்துவிட முடியாது.

பூட்டிவைத்தால் தீருமா?

தெரு நாய் என்ற பேச்சை எடுத்தாலே நம் ஊரில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஒரு கட்சிக்கு எல்லாவற்றையும் பிடித்து அடைக்க வேண்டும். இன்னொரு கட்சிக்கு ஒன்றையும் தொடக் கூடாது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத்தின் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது இந்தப் பிளவு நாடு முழுக்கத் தெரிந்தது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கச் சொன்னது.

யார் சொல்வது சரி என்று இந்தப் பக்கத்தில் தீர்ப்பெழுதப் போவதில்லை. இரண்டு கட்சியும் மறுக்க முடியாத ஓர் உண்மையை மட்டும் நினைவூட்ட வேண்டும். பல இடங்களிலிருந்து பிடித்து வந்த, தடுப்பூசி போடாத, பயந்துபோன நாய்களைக் காற்றோட்டமில்லாத ஒரே கூரையின் கீழ் நெருக்கி அடைப்பதைவிட மூச்சுநோய்க்குத் தோதான ஏற்பாடு வேறில்லை. 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பந்தய நாய்களின் கொட்டில்களில்தான் குதிரையிலிருந்து தாவிய எச்3என்8 இன்ஃப்ளுவென்சா முதலில் வெடித்தது. 2015இல் எச்3என்2 வகை சிகாகோவைத் தாக்கியபோது போர்டிங்குகளும் பகல்நேரக் காப்பகங்களும் மூடப்பட்டன. இன்ஃப்ளுவென்சா கிருமி கடினமான பரப்பில் சுமார் 48 மணி நேரமும், துணியில் 24 மணி நேரமும், கையில் 12 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். ஒரு கூண்டைக் கழுவிய அதே துடைப்பத்தோடு அடுத்த கூண்டுக்குள் நுழையும் ஊழியரே போதும், நோய் வரிசையாகப் போய்விடும்.

கருத்தடை மையத்துக்கும் இது பொருந்தும். 2023இன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் சாரம் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும். நாயைப் பிடித்து வந்து, அறுவைசிகிச்சை முடித்து, சில நாள் வைத்திருந்து, காது நுனியில் அடையாளமிட்டு, பிடித்த தெருவிலேயே விடுகிறார்கள். மையத்தில் டிஸ்டெம்பர் தொற்றிய நாய் அறிகுறி காட்ட ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் அது தெருவுக்குத் திரும்பிவிட்டிருக்கும். பத்தாம் நாள் அது சளியோடு சுருண்டு கிடக்கும்போது "ஆபரேஷன் பண்ணி நாயைக் கெடுத்துட்டாங்க" என்று தெரு சொல்லும். அடுத்த முறை நாய் பிடிக்கும் வண்டி வந்தால் நாய்களை ஒளித்துவைக்கும். கருத்தடைத் திட்டத்தின் மீதான நம்பிக்கையே இப்படித் தேய்கிறது. பிடித்து வந்த அன்றே வெறிநோய் ஊசியோடு டிஸ்டெம்பர் உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசியையும் போடுவது, இருமும் நாய்களுக்குத் தனி அறை ஒதுக்குவது, கூண்டுகளுக்கிடையே தடுப்பு வைப்பது ஆகிய மூன்றையும் மையத்தை நடத்துபவர்களோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதினால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் மட்டும் தெரு நாய்கள் சுமார் 1.8 லட்சம். அத்தனைக்கும் கூட்டுத் தடுப்பூசி என்பது இப்போதைக்குக் கனவாக இருக்கலாம். கைக்கு வந்த நாயை வெறும் கையோடு அனுப்பாமல் இருப்பது கனவல்ல.

இரண்டு கட்சிகளுக்குள் உடன்பாடே வராது என்று சொல்பவர்களுக்குச் சென்னையே பதில். நாய்களைப் பிடித்துக் கொல்வதே வழக்கமாக இருந்த நகரம் இது. புளூகிராஸ் என்ற விலங்குநல அமைப்பு பல ஆண்டுகள் வலியுறுத்திய பிறகு, 1990களின் நடுவில் மாநகராட்சி அதைக் கைவிட்டுக் கருத்தடை வழிக்கு வந்தது. 2001இல் அது நாட்டுக்கே விதியானது. வெளிநாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. 1920களில் பிரிட்டனில் 'தி ஃபீல்டு' என்ற பத்திரிகை நாய்களின் டிஸ்டெம்பரை ஒழிக்க வாசகர்களிடம் நிதி திரட்டியது. அந்தப் பணத்தில் லெய்ட்லாவும் டன்கினும் ஆய்வுசெய்து, 1920கள் முடிவதற்குள் தடுப்பூசி கண்டார்கள். ஆய்வுக்கு ஃபெரட் என்ற சிறு விலங்கைப் பயன்படுத்தினார்கள். அதே ஆய்வுக்கூடத்தில், அதே விலங்கைக் கொண்டு, 1933இல் மனித இன்ஃப்ளுவென்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்களில் லெய்ட்லாவும் ஒருவர். நாய் வளர்த்தவர்கள் போட்ட காசு மனித மருத்துவத்துக்கும் வழி திறந்தது.

அவரவர் பங்கு

முதல் பங்கு நாய் வளர்ப்பவருடையது. '45 நாள் குட்டி' என்பது நம் ஊர்ச் சந்தையின் வாடிக்கைச் சொல். 2017இன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. காரணம் இல்லாமல் இல்லை. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச்சக்தி குட்டியின் உடலில் மெல்லக் குறையும் காலம் அது. அந்தச் சக்தி மீதமிருக்கும்வரை தடுப்பூசியைச் சரியாக வேலைசெய்ய விடாது. தீர்ந்த பிறகோ குட்டி நிராயுதபாணி. எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தீரும் என்று தெரியாததால்தான் 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் கடக்கும்வரை 2 முதல் 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நிறுத்துவது பாதி கட்டிய சுவர். பூஸ்டர் தேதியை அட்டையில் எழுதித் தருவது மறப்பதற்கல்ல.

அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவும் வேண்டும். ஊசி போட்ட மருத்துவர் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த சிறு ஸ்டிக்கரை அதில் ஒட்டுவார். அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். அருகில் கையெழுத்து, பதிவு எண், முத்திரை. ஸ்டிக்கர் இல்லாமல் பேனாவால் எழுதிய தேதிகள் மட்டும் வரிசையாக நின்றால் விற்பவரிடம் கேள்வி கேளுங்கள். தடுப்பூசியைக் கடையில் வாங்கித் தாங்களே போட்டுக்கொள்ளும் பழக்கமும் பரவிவருகிறது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய மருந்து சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் பயணம் செய்தால் உள்ளே போவது வெறும் நீர். கென்னல் காஃப் தடுப்பூசி வேண்டுமானால் ஊருக்குக் கிளம்பும் முதல்நாள் ஓடாமல் இரண்டு, மூன்று வாரம் முன்பே போட வேண்டும். அது நோயை முழுதாகத் தடுக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, கடுமையைக் குறைக்கும்.

நாய்க்கு இருமல் வந்துவிட்டால் குறைந்தது இரண்டு வாரம் வெளி நாய்களோடு பழக விடாதீர்கள். எச்3என்2 இன்ஃப்ளுவென்சா என்று பரிசோதனை சொன்னால் நான்கு வாரம். தண்ணீர்க் கிண்ணம், கயிறு, படுக்கை எல்லாம் தனி. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றும் பட்டை போட்டால் இருமல் குறையும். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து துடைத்தால் இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை சாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லுங்கள். அப்பார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில், நடைப்பயிற்சியில் தினம் பார்க்கும் மற்ற நாய்க்காரர்களிடம், விட்டிருந்த போர்டிங்கில். "எங்க நாய்க்கு இருமல், ரெண்டு வாரம் கீழே கூட்டிட்டு வரமாட்டோம்" என்ற ஒரு வரி அக்கம்பக்கத்து நாய்கள் பலவற்றைக் காப்பாற்றும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படிச் சொன்னவரை 'உங்க நாயாலதான்' என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் இருப்பது மற்றவர்களின் பங்கு. ஏற்றினால் அடுத்தவர் மறைப்பார்.

இரண்டாவது பங்கு போர்டிங், குரூமிங் நடத்துபவர்களுடையது. நாயைச் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் பணத்தை மட்டும் எண்ணும் இடத்துக்கு நாம் போகக் கூடாது. அட்டையைக் கேட்பவரிடம் நாம் முகம் சுளிக்கவும் கூடாது. ஒரு நாய் இருமியது தெரிந்தால் அந்த வாரம் அங்கு தங்கிய எல்லா வீட்டுக்கும் அன்றே போன் போக வேண்டும். தொழில் கெடும் என்ற பயம் புரிகிறது. மறைத்தது தெரியவந்தால்தான் உண்மையில் கெடும்.

மூன்றாவது, மருத்துவமனைகள். காத்திருப்புக் கூடத்தில் ஒரே பெஞ்சின் காலில் கட்டிய இருமல் நாயும், முதல் ஊசிக்கு வந்த குட்டியும் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டிருப்பது அன்றாடக் காட்சி. இருமும் நாய் ஆட்டோவிலேயோ காரிலேயோ காத்திருக்கட்டும், முறை வரும்போது அழைக்கிறோம் என்று வாசலில் ஓர் அறிவிப்பு மாட்டச் செலவே இல்லை. குட்டிகளைக் கூடையிலோ மடியிலோ வைத்திருக்கச் சொல்வதும் அப்படித்தான்.

நான்காவது, தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள். அந்தத் தெருவின் எந்த நாய் நேற்றுவரை ஓடிவந்தது, இன்று வரவில்லை என்று அவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவு பெரிய சொத்து. எல்லா நாய்க்கும் ஒரே குவியலாகச் சோற்றைக் கொட்டாமல் தள்ளித் தள்ளி வைப்பதும், நோய்ப்பட்டதற்குக் கடைசியாகத் தனியே வைப்பதும், அதைத் தொட்ட கையைக் கழுவி உடை மாற்றிய பிறகே வீட்டு நாயைத் தொடுவதும் அவர்கள் செய்யக்கூடியவை. கூட்டுத் தடுப்பூசி ஒரு டோஸ் சில நூறு ரூபாய். நான்கைந்து பேர் சேர்ந்தால் தெருவில் பிறக்கும் குட்டிகளுக்காவது போட்டுவிடலாம்.

ஐந்தாவது, நாய் பிடிக்காதவர்கள். அவர்களிடம் அன்பைக் கேட்கவில்லை, தகவலைக் கேட்கிறோம். சளி வடித்துத் தள்ளாடும் நாயைப் பார்த்தால் ஒரு போன். சோறு வைப்பவரிடம் சண்டைக்கு நிற்பதற்குப் பதில், தடுப்பூசிக்கு நாயைப் பிடிக்க அவர்தான் உதவ முடியும் என்று புரிந்துகொள்வது. பழகிய கை இல்லாமல் எந்த வண்டியும் எந்தத் தெரு நாயையும் அமைதியாகப் பிடித்ததில்லை. போர்டெட்டெல்லா கிருமி அரிதாக, எதிர்ப்புச்சக்தி மிகக் குறைந்த மனிதர்களையும் தொற்றியிருக்கிறது என்பதும் அவர்கள் கவனத்துக்கு உரியது.

கடைசியும் கனமானதுமான பங்கு அரசுடையது. சென்னையில் செல்லப்பிராணிக்கு உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். அதே விண்ணப்பத்தில் கூட்டுத் தடுப்பூசி விவரத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்; தொடக்கத்தில் கட்டாயமாக்க வேண்டியதுகூட இல்லை, கேட்டாலே மக்கள் விசாரிக்கத் தொடங்குவார்கள். எந்த வட்டத்தில் டிஸ்டெம்பர் அதிகம் என்பதை அரசு, தனியார் மருத்துவமனைகள் வாரந்தோறும் ஓரிடத்தில் பதிவுசெய்ய ஏற்பாடு வேண்டும். 2023இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நாய்களிடையே வழக்கத்துக்கு மாறான இருமல் பரவியபோது மருத்துவர்கள் 200க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை மாநில வேளாண் துறைக்குத் தெரிவித்தார்கள். ஒரே ஒரு புதுக் கிருமிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால், எண்ணிக்கை கையில் இருந்ததால் எச்சரிக்கை உடனே போனது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், கால்நடைப் பல்கலைக்கழகமும், அதன் ஆய்வகங்களும் உள்ள மாநிலத்துக்கு இது எட்டாக்கனி அல்ல. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நாட்டு இனங்களைப் பேணுவதில் பெருமைப்படும் மாநிலம், எண்ணிக்கையில் குறைந்த அந்த இனங்களின் குட்டிகள் ஒரே டிஸ்டெம்பர் அலையில் போய்விடாமல் காப்பதையும் அந்தப் பெருமையில் சேர்க்க வேண்டும்.

"மனுசனுக்கே மருந்து இல்ல, நாய்க்கு என்ன?" என்ற கேள்வி எப்போதும் எழும். இங்கே கேட்பவற்றில் பாதிக்குப் பணமே தேவையில்லை: இருமும் நாயைப் பிரித்து வைப்பது, அண்டை அயலாரிடம் சொல்வது, அட்டையைச் சரிபார்ப்பது, வாசலில் அறிவிப்பு மாட்டுவது, போன் செய்வது. மீதிப் பாதிக்கு ஆகும் செலவு ஏற்கெனவே நடக்கும் கருத்தடைச் செலவைக் காப்பாற்றும் செலவு. நாய் ஒரு தெருவில் இருக்க வேண்டுமா, கூடாதா என்ற வழக்கு இன்னும் பல காலம் நடக்கும். நடக்கட்டும். இருக்கும் நாய் நோயோடு இருக்கக் கூடாது என்பதில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் நாய் இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், நாய்ச் சண்டையைத் தொடங்கும் முன், தெருவின் நாய்களில் எத்தனைக்கு எந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்ற கேள்வியை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக வையுங்கள். பதில் யாரிடமும் இல்லையென்றால், அந்தப் பட்டியலைத் தயாரிப்பதுதான் நாம் அனைவரும் சேர்ந்து செய்யும் முதல் வேலை.